பொறுப்பு கைமாறும் வேளை: 1948 மார்ச் 10 தரும் படிப்பினை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில், தொழிற்சாலை வேலையை நாடிப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய உள்ளன. ஒரே ஊர், ஒரே வமிசம் என்ற பிணைப்பு இல்லாத நம்மை ஒன்றுசேர்த்து வைத்திருப்பது பள்ளிவாசலும் ஜமாஅத்தும்தான். ஆகவே நிர்வாகம் மாறும் ஒவ்வொரு முறையும் நம் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகிறது. ஜமாஅத் இரண்டாகப் பிரிந்துவிடுமோ? மக்தபில் ஓதும் பிள்ளைகளின் பாடமும், ஆதரவற்ற விதவைக்குச் செல்லும் உதவியும் நின்றுவிடுமோ?

தலைமை மாற்றம் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதற்கு உமர் (ரழி) அவர்கள் ஹிஜ்ரி 23இல் வழிகாட்டிச் சென்றார்கள். குத்துண்டு மரணப் படுக்கையில் இருந்த அவர்கள், ஆறு நபித்தோழர்களிடம் அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அதற்கு மூன்று நாள் தவணை விதித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் (ரழி) ஆலோசனையில் கலந்துகொள்ளலாம். பதவிக்கு வரக் கூடாது என்றார்கள். அந்த நாட்களில் தொழுகை நடத்தும் பணி ஸுஹைப் (ரழி) அவர்களிடம் தரப்பட்டது. தலைவர் யார் என்பது முடிவாகாத நிலையிலும் தொழுகை தடைபடவில்லை.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1906இல் டாக்காவில் தொடங்கப்பட்ட அகில இந்திய முஸ்லிம் லீக், 1947இல் நாடு பிரிந்தபோது இந்தியாவில் தலைமையற்று நின்றது. அதன் தலைவர் ஜின்னா பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரலாகிவிட்டார். முன்னணியினர் பலரும் எல்லை கடந்து சென்றனர். இங்கேயே தங்கிவிட்ட எளிய உறுப்பினர்களோ, ஐயத்தோடு நோக்கப்பட்டனர். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில், அமைப்பை இரு நாடுகளுக்கும் இரண்டாகப் பிரித்தது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக நியமிக்கப்பட்டவர், திருநெல்வேலிப் பேட்டையில் 1896இல் பிறந்த முஹம்மது இஸ்மாயில் சாஹிப். அவரே நாம் காயிதே மில்லத் என்று போற்றுபவர்.

அதே மாதம் லக்னோவில் நடந்த மாநாட்டில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள், முஸ்லிம்கள் தனி அரசியல் அமைப்பைக் கலைத்துவிட வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த், சமயம், கல்வி, பண்பாடு ஆகிய பணிகளோடு தன்னை நிறுத்திக்கொள்ளும் வழியை மேற்கொண்டது. எல்லாத் தரப்பிலும் சமுதாயத்தின் நலம் நாடியோர் இருந்தனர்.

இந்நிலையில் 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் கட்டடத்தில் லீக் கவுன்சில் கூடியது. ஆவடியிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் சென்று இறங்கினால் சற்றுத் தொலைவில் அந்த மண்டபத்தை இன்றும் காணலாம். கலைப்பதா, தொடர்வதா என்று அங்கே ஆலோசித்து, தொடர்வது என்று முடிவு செய்தனர். இஸ்மாயில் சாஹிப் தலைவரானார். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரோடு இந்நாட்டுக்கென அமைந்த புதிய சட்டதிட்டம் 1951 செப்டம்பரில் ஏற்கப்பட்டது.

அந்த அரசியல் முடிவு சரியா, தவறா என்பதில் அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் உண்டு. நாம் இங்கே கவனிப்பது அம்முடிவு எடுக்கப்பட்ட முறையை. போய்விட்டவர்கள் இருப்பவர்களுக்காக முடிவு செய்யவில்லை. விளைவைச் சுமக்க வேண்டியவர்களே கூடி முடிவு செய்தார்கள். தலைவர் மாறியதோடு நின்றுவிடாமல், மாறிய காலத்திற்கு ஏற்ப அமைப்பையும் எழுத்தில் திருத்தி அமைத்தார்கள்.

அதே இயக்கம் பின்னாளில் கசப்பையும் கண்டது. காயிதே மில்லத் 1972 ஏப்ரலில் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்துத் தலைமையேற்ற பாஃபகி தங்கள் 1973 ஜனவரியில் மக்காவில் மரணமடைந்தார்கள். ஓராண்டுக்குள் இரு தலைவர்களை இழந்த இயக்கம், சில ஆண்டுகளில் கேரளத்தில் பிளவுபட்டது. 1985இல்தான் இரு பிரிவுகளும் மீண்டும் இணைந்தன. 1994இலோ, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைவராக இருந்த இப்ராஹீம் சுலைமான் சேட் அவர்களே விலகி வேறு கட்சி கண்டார்கள். ஒருமுறை மஷூராவால் நிலைத்துவிட்டோம் என்பது என்றைக்குமான பாதுகாப்பு ஆகிவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகப் பேண வேண்டியிருக்கிறது.

தம் காரியங்களைத் தமக்குள் ஆலோசித்து நடத்துவோரைப் புகழும் அத்தியாயத்திற்கு ‘அஷ்ஷூரா’ என்றே பெயர். நம் மஹல்லாவில் அந்த ஆலோசனை எவ்வாறு இருக்கிறது? பதவிக்காலம் எழுத்தில் இருக்கிறதா? விலகுபவர் வரவு செலவுக் கணக்கையும், பத்திரங்களையும், உறுப்பினர் பதிவேட்டையும் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்கிறாரா? வாடகை வீட்டில் இருப்பவரும் நேற்று குடிவந்தவரும் தம் கருத்தைச் சொல்ல இடமுண்டா? நிர்வாகம் முடிவாகும் வரை மக்தப் தடையின்றி நடக்க ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறாரா? இவற்றுக்குத் தேர்தல் நாளில் விடை தேடினால் சண்டையே மிஞ்சும். அமைதியான நாட்களிலேயே பேசி முடித்துவிடுவோம்.

பள்ளிவாசலின் சாவி நம் கையில் இருப்பது சில ஆண்டுகளே. அது அமானிதம். வாங்கியபோது இருந்த முகமலர்ச்சியோடு அதைத் திருப்பித் தரவும், தந்த பிறகு அதே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.