கருவறை நறுமணமும் கடாரக் கரையும்

திருவிழாக் காலத்தில் அதிகாலை அபிடேகம் முடிந்து, திரை விலகி, தூபம் காட்டப்படும் வேளையில் கருவறையிலிருந்து எழும் மணம் பக்தர்களின் உள்ளத்தை ஒருமைப்படுத்த வல்லது. சந்தனம், அகில், சாம்பிராணி, கற்பூரம் ஆகியவை கலந்து எழுவது அம்மணம். இப்பொருள்கள் யாவும் தமிழகத்திலிருந்தே மலேசிய ஆலயங்களுக்கு வந்தவை என்று பலரும் எண்ணுகின்றனர். வரலாறோ வேறு விதமாகக் கூறுகின்றது. சந்தனம் தென்னிந்திய மலைகளின் செல்வம். ஆனால் அகிலும் கற்பூரமும் சாம்பிராணியும் மலாய்த் தீபகற்பத்துக் காடுகளிலும் சுமத்திராவின் மலைச் சரிவுகளிலும் விளைந்து, மரக்கலம் ஏறித் தமிழகத்துத் துறைமுகங்களை அடைந்தவை.

கிடாரவன் என்னும் அகில்

கீழைக் காற்றின் துணையோடு வந்த கப்பல்கள் அகில், துகில், சந்தனம், வாசப் பொருள்கள், கற்பூரம் ஆகியவற்றைக் கொணர்ந்த செய்தியைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை தெரிவிக்கின்றது. இதற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் அகிலின் வகைகளைப் பட்டியலிடும்போது அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் எனப் பெயர் சுட்டுகின்றார். கிடாரவன் என்பது கிடாரத்திலிருந்து, அதாவது கடாரத்திலிருந்து வந்த அகிலாகும். அக்கடாரமே இன்றைய கெடா மாநிலம். இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பால் மட்டுமே கடாரத்தை அறிந்தோர்க்கு, அப்பெயர் ஒரு நறுமணத்தின் பெயராகவும் விளங்கியது என்பது வியப்பூட்டும்.

அகில் மரத்தை மலாய் மக்கள் காராஸ் என்றும், அதன் மணமுள்ள வயிரத்தைக் காஹாரு என்றும் அழைப்பர். நலமுள்ள மரத்தில் அம்மணம் இருப்பதில்லை. மரம் காயமுற்று, அக்காயத்தில் ஒருவகைப் பூஞ்சை பற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பிசினே கருமை நிறமுள்ள நறுமண வயிரமாகின்றது. அவ்வயிரத்தை நீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடிப்பதன் மூலம் அகில் தைலம் கிடைக்கின்றது.

வாரோசும் சூடனும்

கற்பூரத்தின் வரலாறு இதனினும் சுவையானது. அடியார்க்குநல்லார் கூறும் கற்பூர வகைகளுள் வாறோசு, சூடன், சீனச்சூடன் என்பனவும் உள்ளன. வாறோசு என்பது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் துறைமுகத்தின் பெயராகும். மலாய் மொழியில் இன்றும் கற்பூரத்திற்குக் ‘காப்பூர் பாரூஸ்’ என்பதே பெயர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவுக்குச் சென்ற மார்க்கோ போலோ, அங்குக் கிடைத்த கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்கப்பட்டதாகக் குறிப்பிடுகின்றார்.

பாரூசுக்கு அருகிலுள்ள லோபு துவா என்னும் இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-ஐச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகர் குழுவினர் பொறித்த இக்கல்வெட்டில் அவ்வூர் வாரோசு என்றே குறிக்கப்படுகின்றது. அங்கு வரும் மரக்கலத்தார் கத்தூரியின் விலைக்கு ஏற்பப் பொன் செலுத்த வேண்டும் என்ற விதியும் அதில் காணப்படுகின்றது. வரியை அளக்கும் கோலாகவே நறுமணப் பொருள் விளங்கிய காலம் அது.

காட்டில் நோற்ற நோன்பு

இக்கற்பூரம் தரும் மரம் மலாய் மொழியில் காப்பூர் எனப்படுகின்றது. கோலாலம்பூரை அடுத்த கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்றையொன்று தொடாத கிளை நுனிகளுடன் வானளாவி நிற்கும் மரங்கள் இவையே. இம்மரத்தின் உள்வெடிப்புகளில் கற்பூரம் பளிங்குபோல் உறைந்திருக்கும். எல்லா மரங்களிலும் அது இருப்பதில்லை. பல மரங்களை வெட்டிப் பார்த்த பின்னரே ஒரு மரத்தில் கிடைக்கும்.

ஆகவே ஜொகூர் மாநிலத்து ஜக்குன் பழங்குடியினர் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் செல்லும்போது கடும் நியமங்களைக் கைக்கொண்டனர். உணவில் கட்டுப்பாடு காத்தனர். அன்றாடச் சொற்களை விலக்கி, ‘பந்தாங் காப்பூர்’ என்னும் தனிமொழியிலேயே பேசினர். சாதாரண மொழியில் பேசினால் கற்பூரம் மறைந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. தீபாராதனைத் தட்டில் ஒரு நொடியில் கரையும் பொருளுக்காக, பெயரறியாத காட்டு மக்கள் விரதம் பூண்டிருந்தனர் என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தியாகும்.

சாம்பிராணியும் வேதியியலும்

மலாய் மொழியில் கெமஞான் எனப்படும் சாம்பிராணி, மரப்பட்டையைக் கீறிப் பெறப்படும் பிசினாகும். அராபிய வணிகர்கள் இதனை ‘லுபான் ஜாவி’, அதாவது சாவகத்துக் குங்கிலியம் என்றனர். அச்சொல் ஐரோப்பிய நாவில் திரிந்து ‘பென்சாயின்’ ஆயிற்று. சாம்பிராணியிலிருந்து முதலில் பெறப்பட்ட அமிலத்தைக் கொண்டு 1833-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் மிச்சர்லிக் ஒரு நீர்மத்தை வடித்தார். ‘பென்சீன்’ என்னும் பெயர் அதற்கு வந்தது இவ்வாறே. பிற்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் பெறப்பட்ட பென்சீன் போன்ற பொருள்களே செயற்கை நறுமணத் தொழிலுக்கு அடித்தளமாயின. 1868-இல் கூமரின், 1874-இல் வனிலின் எனச் செயற்கை மணங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. தூபக்காலில் புகைந்த பிசினின் பெயரே, அதற்கு மாற்றாக வந்த தொழிலிலும் ஒட்டிக்கொண்டது.

புட்டியில் அடைத்த மணம்

இக்காலத்தில் இல்லத்தரசிகள் பலர் வீட்டிலேயே சோப்பு, மெழுகுவர்த்தி, வாசனைத் திரவியம் ஆகியவற்றைச் செய்கின்றனர். இம்முயற்சி பாராட்டுக்குரியது. எனினும், கடையில் ‘சந்தனம்’, ‘மல்லிகை’ எனப் பெயரிட்டு விற்கப்படும் வாசனை எண்ணெய் வேறு. மரத்திலிருந்தோ மலரிலிருந்தோ வடித்த தைலம் வேறு. முன்னது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் கலக்கப்பட்டது. மெழுகுக்கு அளவோடு கலக்க உகந்த அவ்வெண்ணெயை, நெற்றியில் இடும் சந்தனத்தில் நேராகச் சேர்த்தால் தோல் அரிப்பும் கொப்புளமும் உண்டாகக்கூடும். இயற்கைத் தைலமாயினும் நீர்க்காமல் பூசுவது நன்றன்று. இன்று ஏற்றப்படும் சூடனும் பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து பெறும் டர்பன்டைன் எண்ணெயைக் கொண்டு ஆலையில் செய்யப்படுவதே.

செயற்கைப் பொருளை முற்றிலும் பழிப்பது முறையாகாது. கோடிக்கணக்கான பக்தர்களின் வேண்டுதலுக்கு ஈடுகொடுத்துக் காட்டு மரங்களால் நிலைத்திருக்க இயலாது. மலாக்காவின் பெயரைத் தாங்கிய அகில் மரவகை அருகி வந்தமையால், அதன் அனைத்துலக வாணிகம் 1995-ஆம் ஆண்டு முதல் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் செயற்கையை இயற்கை என்று நம்பி இறைவனுக்குப் படைப்பது அறியாமையாகும். புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்து, இன்னது என்று அறிந்து வாங்குதல் வேண்டும். பத்துப் புட்டி வாசனை எண்ணெயைக் காட்டிலும், கல்லில் இழைத்த ஒரு துளிச் சந்தனமும், தணலில் இட்ட ஒரு சிட்டிகை நல்ல சாம்பிராணியும் மேலானவை. சாம்பிராணி மரத்தை வெட்ட வேண்டுவதில்லை, கீறினாலே போதும். சுமத்திராவின் தோபா ஏரிப் பகுதி விவசாயிகள் இன்றும் அவ்வாறே அதனை எடுக்கின்றனர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரத்து அகிலும் பாரூசுக் கற்பூரமும் கடல் கடந்து சென்று தமிழகத்தில் மணம் பரப்பின. பிற்காலத்தில் தமிழர் கடல் கடந்து வந்து, அம்மணம் பிறந்த மண்ணிலேயே ஆலயம் எழுப்பினர். தூபம் எழும்போது இறைவனை நினைப்பதோடு, அதனை ஈந்த காட்டையும் காட்டு மக்களையும் நன்றியுடன் நினைத்தல் வழிபாட்டின் ஓர் அங்கமாகும். அந்நினைவு என்றும் மணம் குன்றாதிருக்க இறைவன் திருவருள் துணை நிற்பதாக.