கரையிலிருந்து கரைக்கு மலைமிதிவண்டிப் பயணம்

கரையிலிருந்து கரைக்கு மலைமிதிவண்டிப் பயணம் என்பது ஒரு நிலப்பரப்பின் ஒரு கடற்கரையில் புறப்பட்டு, இடையில் உள்ள மலைகளைக் கடந்து, எதிர்ப்பக்கக் கடற்கரையில் முடிவடையும் பல நாள் மிதிவண்டிப் பயணம் ஆகும். இது சில நாடுகளில் பந்தயமாகவும் பெரும்பாலும் தனியாரின் சுற்றுலாவாகவும் நடைபெறுகின்றது. புறப்படும் கடலில் பின்சக்கரத்தையும், சென்று சேரும் கடலில் முன்சக்கரத்தையும் நனைப்பது இப்பயணிகளிடையே பரவலாக உள்ள வழக்கம். மிதிவண்டியை இலங்கைத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்பர்.

தென்னிந்தியாவில் வங்காள விரிகுடாவிலிருந்து அரபிக்கடல் வரை இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது. எடுத்துக்காட்டாக மாமல்லபுரத்தில் தொடங்கி, காஞ்சிபுரம், ஆரணி, போளூர், ஜவ்வாது மலை, மேட்டூர், கோயம்புத்தூர், பாலக்காடு வழியாகப் பொன்னானியில் முடியும், ஏறத்தாழ 650 கி.மீ நீள வழி எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

கண்டத்தை மிதிவண்டியில் கடந்தவர்களுள் முன்னோடி தாமசு சுடீவன்சு. முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த அக்கால வண்டியில் அவர் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிசுகோ பகுதியிலிருந்து புறப்பட்டு ஆகத்து 4 அன்று பாசுடனை அடைந்தார். நல்ல சாலை இல்லாத இடங்களில் வண்டியைத் தள்ளியும் தூக்கியும் சென்றார். பின்னர் அவர் உலகைச் சுற்றியபோது 1886இல் வட இந்தியாவின் பெருவழிச் சாலையிலும் பயணம் செய்தார்.

மலைமிதிவண்டி இதற்கு வெகு காலம் பிந்தியது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், தடித்த டயர் கொண்ட பழைய வண்டிகளை மண்பாதையில் கீழ்நோக்கி ஓட்டிய சில இளைஞர்களின் பொழுதுபோக்கிலிருந்து அது உருவானது. 1981இல் அது பெருமளவு உற்பத்திக்கு வந்தது. 1993இல் கோசுட்டா ரிக்காவில் பசிபிக் கரையிலிருந்து கரிபியக் கரைக்கு ஒரு மலைமிதிவண்டிப் பந்தயம் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் வடபகுதியில் ஏறத்தாழ 225 கி.மீ நீளமுள்ள கடலுக்குக் கடல் மிதிவண்டித் தடம் 1994இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இவ்வாறு பெயர்ப்பலகை நட்டு அடையாளமிட்ட தடம் எதுவும் இல்லை; எனவே வழியைப் பயணிதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

நிலவமைப்பு

தீபகற்பத்தைக் குறுக்கே கடப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மேற்குத் தொடர்ச்சி மலையை எங்கே கடப்பது என்பதாகும். தூரம், நாள் கணக்கு, பல்சக்கரம், சுமை ஆகிய அனைத்தும் இம்முடிவைப் பொறுத்தே அமையும். தமிழ்நாட்டிலிருந்து செல்பவருக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு.

முதலாவது, சத்தியமங்கலத்திலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் ஏறி, சாமராசநகர், மைசூர் வழியாகச் செல்வது. இப்பாதை புலிகள் காப்பகத்தினுள் உள்ளது. இரண்டாவது, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு ஏறி, கூடலூர், நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்குவது. ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 1,900 மீட்டர். மூன்றாவது, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் உள்ள பாலக்காட்டுக் கணவாய். இருபுறமும் 2,600 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் நிற்க, இந்த இடைவெளி சில நூறு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றது.

மூன்றாவது வழி மிகப் பழையது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் கிடைத்த உரோமானிய நாணயங்களும், நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வும் இக்கணவாய் வழியே நடந்த வணிகத்துக்குச் சான்றுகள். 1856இல் இராயபுரத்தில் தொடங்கிய தொடருந்துப் பாதை 1862இல் கோழிக்கோடு அருகே பேப்பூரை எட்டியபோதும் இக்கணவாயையே பயன்படுத்தியது. நீராவி இயந்திரத்துக்கும் மிதிவண்டிக்கும் ஒரு பொதுக் குறை உண்டு: இரண்டுமே செங்குத்தை வெறுப்பவை.

அப்படியானால் மலைமிதிவண்டி எதற்கு என்று கேட்கலாம். இவ்வழியில் உண்மையான மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலையே. அதைச் சுற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் அதை விட்டால் இப்பயணம் வெறும் நெடுஞ்சாலை ஓட்டமாகிவிடும்.

பருவமும் திசையும்

கிழக்குக் கரைக்கு அக்டோபர் முதல் திசம்பர் வரையும், மேற்குக் கரைக்கு சூன் முதல் செப்டம்பர் வரையும் மழைக்காலம். மார்ச்சு தொடங்கியதும் வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் வெயில் பயணத்துக்கு ஏற்றதன்று. பிப்ரவரியிலிருந்து காடுகளில் தீ அபாயம் கூடுகின்றது. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது சனவரியும் பிப்ரவரியின் தொடக்கமுமே.

காற்றும் இதற்கு இசைவாக உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாயினுள் புகுந்து கிழக்கு நோக்கி வலுவாக வீசும். பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கு அதுவே காரணம். திசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று எதிராகத் திரும்பி, கிழக்கிலிருந்து மேற்காக வீசும். எனவே சனவரியில் கிழக்கிலிருந்து புறப்படுபவருக்குக் கணவாயில் காற்று முதுகில் இருக்கும். அதே பயணத்தைப் பொன்னானியில் தொடங்கினால் கோயம்புத்தூர் வரை எதிர்காற்றில் மிதிக்க வேண்டும். வரைபடத்தில் இவ்வேறுபாடு தெரியாது.

பொங்கல் வாரத்தில் தங்கும் விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. வேலூர்–திருவண்ணாமலைச் சாலையில் போளூர் அமைந்திருப்பதால், முழுநிலவு நாட்களில் கிரிவலத்துக்குச் செல்லும் வண்டிகள் அச்சாலையை நிறைத்துவிடும். அந்நாட்களைத் தவிர்த்து நாள் குறிப்பது நல்லது.

மாமல்லபுரம் முதல் போளூர் வரை

இப்பகுதி ஏறத்தாழ 160 கி.மீ, சமவெளி, இரண்டு நாட்கள் போதும். செங்கல்பட்டு, வாலாசாபாத் வழியாகக் காஞ்சிபுரத்தை அடைந்து, பாலாற்றைக் கடந்து, செய்யாறு நகர் வழியாக ஆரணிக்குச் செல்லலாம். காஞ்சிபுரமும் ஆரணியும் பட்டு நெசவு ஊர்கள். பின்னர் வரும் பவானி சமக்காளத்துக்குப் பெயர் பெற்றது. கேரளத்தில் பாரதப்புழைக் கரையில் உள்ள குத்தாம்புள்ளியும் கைத்தறி ஊரே. தறிச் சத்தம் கேட்கும் ஊர்களை மட்டும் இணைத்துக் கோடு போட்டாலும் ஏறக்குறைய இதே வழி கிடைக்கும்.

போளூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில், காட்பாடி–விழுப்புரம் தொடருந்துத் தடத்தில் உள்ளது. பயணத் திட்டத்தில் இவ்வூர் முதன்மையான இடம். முதல் இரு நாட்களில் முழங்கால் வலி, இருக்கைப் புண், சங்கிலிக் கோளாறு போன்றவை தம்மைக் காட்டிவிடும். தொடர்வதா திரும்புவதா என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். காரணம், மலையைக் கடந்து திருப்பத்தூரை அடையும் வரை அடுத்த ஏறத்தாழ 90 கி.மீ தூரத்துக்குத் தொடருந்து நிலையம் இல்லை; பேருந்துகளும் குறைவு. பல நாள் பயணத்தில் ஒவ்வொரு நாளும் எங்கே கைவிட்டுத் திரும்பலாம் என்பதைக் குறித்துவைப்பது, எங்கே உண்பது என்பதைக் குறித்துவைப்பதைவிட முதன்மையானது.

ஜவ்வாது மலை ஏற்றம்

போளூரிலிருந்து சாலை ஜமுனாமரத்தூருக்கு ஏறுகின்றது. அங்கிருந்து காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கலாம். காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது, அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி குறிப்பிடத்தக்கது. இரவில் வெளிச்சம் குறைந்த மலை என்பதால் அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே இருளில் மிதிவண்டி ஓட்டுவது ஆபத்து என்பதையும் சேர்த்து நினைவிற் கொள்க.

ஏற்றத்துக்கு வேண்டிய நேரத்தைத் தூரத்தைக் கொண்டு கணிப்பது தவறாகும்; உயரத்தைக் கொண்டே கணிக்க வேண்டும். ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொள்வோம். இதை 600 மீட்டர் உயர்த்த 85 × 9.8 × 600, அதாவது ஏறத்தாழ 5 இலட்சம் சூல் ஆற்றல் தேவை. பயிற்சியுள்ள சாதாரண மனிதர் நெடுநேரம் 100 வாட்டு திறனில் மிதிப்பார் என்றால் உயர்வதற்கு மட்டும் 83 நிமிடங்கள் ஆகும். டயர் உராய்வு, காற்றுத் தடை, இளைப்பாறல் ஆகியவை இதற்கு மேல். சுமையை மேலும் 10 கிலோகிராம் கூட்டினால் 10 நிமிடம் கூடும். இதே கணக்கில் உதகமண்டல ஏற்றத்துக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

நடைமுறையில் போளூரிலிருந்து விடியலில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் மேலே சேர்ந்து, அன்று ஜமுனாமரத்தூரிலேயே தங்குவது நலம். தங்குமிடங்கள் குறைவு என்பதால் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏற்றத்தில் கடைகள் அரிதாகையால் ஆளுக்கு 3 இலிட்டர் நீர் தேவை. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, புளி, பலா, தேன் முதலியவற்றை விளைவித்தும் சேகரித்தும் வருகின்றனர். சாமைச் சோறு கிடைத்தால் விடக்கூடாது. கைப்பேசி அலைவரிசை பல வளைவுகளில் கிடைக்காது. எனவே வரைபடத்தை முன்னரே இறக்கி வைத்துக்கொள்வதும், இரவுக்குள் சேராவிட்டால் யாருக்குத் தகவல் செல்ல வேண்டும் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவைப்பதும் தேவை.

திருப்பத்தூர் முதல் பொன்னானி வரை

திருப்பத்தூரிலிருந்து தென்பெண்ணையைக் கடந்து தருமபுரி, அங்கிருந்து மேட்டூர், பின்னர் காவிரியை ஒட்டிப் பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோயம்புத்தூர் என வழி செல்கின்றது. நான்கு நாட்கள் போதும். தேசிய நெடுஞ்சாலையில் சரக்குந்துகள் மிகுதி. தூரம் சற்றுக் கூடினாலும் ஊர்ச்சாலைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோயம்புத்தூர்–பாலக்காடு நெடுஞ்சாலை வாளையாற்றுக் காட்டை ஒட்டிச் செல்கின்றது. அங்கு யானைகள் சாலையையும் தொடருந்துப் பாதையையும் கடப்பதுண்டு. அதற்குத் தெற்கே வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியாகச் செல்லும் சாலை தென்னையும் பனையும் நெல்வயலும் சூழ்ந்தது, நெரிசலும் குறைவு. பாலக்காட்டிலிருந்து ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புறம் எனப் பாரதப்புழையைத் தொடர்ந்தால் அது கடலில் கலக்கும் பொன்னானிக்கு வந்து சேரலாம். ஓய்வு நாள் ஒன்றையும் சேர்த்து மொத்தம் பத்து நாட்கள் ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும்.

வண்டியும் கருவிகளும்

ஒற்றைப் பல்சக்கரம் கொண்ட சாதாரண வண்டியில் முன்னே 44, பின்னே 18 பற்கள் இருப்பது வழக்கம். அதில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 5 மீட்டருக்கு மேல் நகரும். சமவெளிக்கு அது சரி. மலையில் இறங்கித் தள்ள வேண்டிவரும். முன்னே 22, பின்னே 34 பற்கள் கொண்ட மலைமிதிவண்டியில் ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர் அளவே நகர்வதால், மணிக்கு 5 கி.மீ வேகத்தில் உட்கார்ந்தபடியே ஏறலாம். மலைமிதிவண்டியின் உண்மையான பயன் இந்தச் சிறிய பற்கள்தாம். அதிர்வுத்தாங்கியும் குமிழ் டயரும் இவ்வழியில் ஜவ்வாது மலையின் மண்பாதைகளுக்கும் வாய்க்கால் கரைகளுக்கும் மட்டுமே உதவும். தார்ச்சாலையில் அவை வீண்சுமை. ஓரளவு வழுவழுப்பான, அகலம் குறைந்த டயரை மாட்டி, மண்பாதையில் காற்றைச் சிறிது குறைத்துக்கொள்வது ஏற்ற வழி.

சீமைக் கருவேல முள் இவ்வழியின் நிலையான எதிரி. இரண்டு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், கைப்பம்பு ஆகியவை கட்டாயம். டியூபின் வால்வு மோட்டார் சைக்கிளுக்குரிய வகையாக இருந்தால் எந்தச் சிற்றூர்ப் பஞ்சர் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். பந்தய வண்டிகளுக்குரிய மெல்லிய வால்வுக்கு அங்கே குழாய் பொருந்தாது. 26 அங்குலச் சக்கரத்துக்குச் சிறு நகரங்களில் டயர் கிடைக்கும். 29 அங்குலத்துக்குப் பெரும்பாலும் பெருநகரம்தான். நீண்ட இறக்கங்களுக்கு முன் தடைக் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும்.

காடும் சட்டமும்

காப்புக் காட்டினுள் உள்ள ஒற்றையடிப் பாதைகளில் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். பொதுச் சாலையில் செல்வதற்கும் காட்டுத்தடத்தில் செல்வதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை மலைமிதிவண்டிக்காரர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர். 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. காய்ந்த புல்வெளியில் தீ, மனிதர் ஓடும் வேகத்தை விஞ்சும். ஏற்றத்தில் மிதிவண்டியோ நடையைவிடச் சற்றே விரைவானது. எனவே சாலையை விட்டு விலக எண்ணுவோர் உரிய வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். தீப்பருவத்தில் விலகவே கூடாது.

திம்பம் பாதையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. பந்திப்பூரில் 2009 முதலே அத்தகைய தடை உண்டு. இவ்வழிகளை நாடுவோர் பகலிலும் மிதிவண்டிக்கு இசைவு உண்டா எனச் சோதனைச் சாவடியை அடையுமுன் அறிந்துகொள்ள வேண்டும். ஏறி முடித்தபின் திருப்பி அனுப்பப்பட்டால் ஒரு நாள் வீண். தமிழ்நாட்டில் மருத்துவ ஊர்திக்கு 108 என்ற எண் 2008 முதல் இயங்குகின்றது.

திரும்புதல்

பொன்னானிக்கு அருகில் உள்ள தொடருந்து நிலையம் குற்றிப்புறம். வண்டி அங்கு சில நிமிடங்களே நிற்பதால் மிதிவண்டியைச் சரக்குப் பெட்டியில் ஏற்றுவது கடினம். சொரனூர் அல்லது பாலக்காடு சந்திப்புக்குச் சென்று, புறப்படும் நேரத்துக்குப் பல மணி நேரம் முன்னதாகப் பொதி அலுவலகத்தில் பதிவு செய்வது நல்லது. மிதிகட்டைகளைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பிக் கட்டி, சட்டத்தைச் சாக்கால் சுற்றி, பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையை இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். பயணி செல்லும் வண்டியிலேயே மிதிவண்டியும் செல்லும் என்பது உறுதியன்று. மறுநாள் வந்து சேரவும் கூடும். விளக்கு, வேகமானி, பம்பு ஆகியவற்றைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொள்க.