மோனிக்காவின் மரணமும் மகனின் கண்ணீரும்

கி.பி. 387-ஆம் ஆண்டு. ரோமாபுரியின் துறைமுகமாகிய ஒஸ்தியாவில், ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ஒரு சிறு கூட்டத்தாரிடையே மோனிக்கா என்னும் அம்மையார் காய்ச்சலுற்று, ஒன்பதாம் நாள் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது 56-ஆம் பிராயம்; மகன் அகுஸ்தீனுக்கு 33. அவ்வாண்டுப் பாஸ்காத் திருநாளின்போதுதான், தாயார் நெடுங்காலம் அழுது வேண்டியபடி, மிலான் நகரில் அம்புரோஸ் மேற்றிராணியார் கையால் மகன் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்.

இறந்தோர் மீண்டும் எழுவர் என்னும் நம்பிக்கை மெய்யோ பொய்யோ என ஆராய்வது ஈண்டு எம் நோக்கமன்று. பகுத்தறிவாளர் அதனை ஏற்கார். எனினும், அந்நம்பிக்கை துயருற்ற மனிதனை என்ன செய்தது என்பது சரித்திரம். அச்சரித்திரத்தை இம்மகன் பத்தாண்டு கழித்து எழுதிய தன்வரலாற்று நூலிற்போலத் தெளிவாக வேறெங்கும் யாம் கண்டிலேம்.

இறந்தாரை உறங்குவோராகக் கருதுவது கிறிஸ்தவரின் தொன்றுதொட்ட வழக்கு. நம்பிக்கையற்றோர் துயருறுமாறு நீங்கள் துயருறற்க என்று பவுல், தெசலோனிக்க சபையாருக்கு முதல் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவிட்டார். புதைக்குமிடத்தைக் கிரேக்கக் கிறிஸ்தவர் ‘உறங்குமிடம்’ என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘செமிட்டரி’ என்னும் சொல் அதனின்று பிறந்ததே. மோனிக்காவும் அந்நம்பிக்கையிலேயே இறந்தார். சொந்த ஊராகிய தகஸ்தேயில், கணவர் பத்ரீசியுவின் அருகே, தமக்கென ஒரு கல்லறையிடம் முன்னரே தேடி வைத்திருந்தவர், முடிவில் அதனை வேண்டாவென்று விட்டார். எந்நிலத்தில் புதைத்தாலும் தம்மை எழுப்ப வேண்டிய இடம் கடவுளுக்குத் தெரியாமற் போகாது என்பது அவர் துணிபு. ஆனால் பின்வந்தோர் அவ்வாறு விட்டாரில்லை! 1430-இல் அவர் எலும்புகளை ரோமாபுரிக்குக் கொண்டு சென்றனர். 1945-இல் ஒஸ்தியாவில் விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர் இருவர் அவரது கல்லறைக் கல்வெட்டின் துண்டொன்றைக் கண்டெடுத்தனர்.

நிற்க. தாயார் கண் மூடியதும் பேரனாகிய சிறுவன் அதெயோதாத்து கதறினான். சுற்றி நின்றோர் அவனை அடக்கினர். எவோதியு என்னும் நண்பர் சங்கீத நூலை எடுத்துப் பாட, வீட்டாரனைவரும் உடன் பாடினர். அகுஸ்தீனோ கண்ணீரை உள்ளுக்குள் அழுத்திக்கொண்டு வந்தோருடன் உரையாடினார். குழியருகே திருப்பலி நடந்தபோதும் அழவில்லை. வெந்நீர்க் குளியல் கவலையைப் போக்கும் என்று கேள்வியுற்றுக் குளித்தும் பார்த்தார், பயனில்லை.

இவர் அழுதறியாதவர் அல்லர். அதற்குப் பத்தாண்டுக்கு முன்னே, மானி மதத்திலிருந்தபோது, ஆருயிர் நண்பனொருவன் இறக்க, கண்டதெல்லாம் மரணமாகத் தோன்றி, பிறந்த ஊரே பொறாது கார்த்தேஜ் நகருக்கு ஓடியவர். அப்போது அழுகை ஒன்றே அவருக்கு இனித்தது. நம்பிக்கையில்லாதபோது கண்ணீர் ஆறுதல். நம்பிக்கை வந்தபின் அதே கண்ணீர் வெட்கம்! தாயார் முற்றும் இறந்துவிடவில்லை என்று நம்புகிறவன் அழுதால், அந்நம்பிக்கையே பொய்யென்று ஊரார் சொல்லாரா? துயரத்தோடு, துயருற்றதற்காக மற்றொரு துயரமும் தம்மை வருத்தியதாக அவரே எழுதுகிறார். மதம் கொடுத்த ஆறுதலுக்கு மதமே வாங்கிய விலை இது என்பது எம் கருத்து.

உறங்கி எழுந்தபின் அம்புரோசின் மாலைப்பாட்டொன்று நினைவுக்கு வந்தது. அப்பாட்டோடு தாயாரின் அன்பும் நினைவுக்கு வந்தது. தனிமையிலே, ஒரு நாழிகையினும் குறைந்த நேரம் அழுதார். அச்சிறு பொழுதைக் குற்றமெனக் காண்போர் தம்மை நகையாது, தமக்காக அழுக என்றும் வாசகரை வேண்டுகிறார். ஒரு மகன் தாய்க்காக அழுததற்கு மன்னிப்புக் கேட்பதைப் படிக்கும்போது, எம் மனம் அவரை விட்டு அவருடைய நண்பர்கள்மீதே சினங்கொள்கிறது.

அக்காலத்தே கீழ்நாட்டில் யோவான் கிறிசோஸ்தோமு, கூலிக்கு மாரடிக்கும் மாதரை அழைத்து முடி பிய்த்து அலறும் கிறிஸ்தவரைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் லாசருவின் கல்லறையில் இயேசுவே கண்ணீர் விட்டாராதலின், அழுவதை அவர் தடுக்கவில்லை. ஆடம்பர அலறலையே தடுத்தார். அகுஸ்தீனும் முதுமையில் இந்நிலைக்கே வந்தார். 426-அளவில் முடித்த ‘கடவுளின் நகரம்’ என்னும் பெருநூலில், நண்பர் இறப்புக்கு வருந்தலாகாதென்போர் முதலில் நட்பையே தடுக்கட்டும் என்று வாதிடுகிறார். ஒஸ்தியாவில் குளியலறைக்கு ஓடிய இளைஞருக்கு இதனை எடுத்துச் சொல்ல ஒருவருமிலர்.

தன்வரலாற்று நூலில் தாயாரைப் பற்றி எத்துணையோ பேசியவர், அவர் பெயரை ஓரிடத்தில் மட்டுமே எழுதினார். அஃது இம்மரணத்தைக் கூறி முடித்த பின்னர். இதனைப் படிப்போர் திருப்பீடத்தின்முன் நிற்கும்போது மோனிக்காவையும் பத்ரீசியுவையும் நினைத்துக்கொள்க என்று கேட்குமிடத்தில்.