பிடி அரிசியும் பள்ளிக்கூடமும்

அறுவடையின்போது வயலில் மறந்து விடப்பட்ட கதிர்க்கட்டு யாருக்குச் சேரவேண்டும்? அந்நியருக்கும், கைம்பெண்ணுக்கும், தாய் தந்தையற்ற பிள்ளைக்கும் என்று மோசேயின் சட்டம் வகுத்திருக்கிறது. இணைச்சட்ட நூலில் இதை நாம் வாசிக்கிறோம். பிச்சை என்ற பேச்சே அங்கு இல்லை. அது அவர்களுடைய பங்கு.

நம் விருதுநகர் சீமையிலும் இதற்கு நிகரான வழக்கம் ஒன்று இருந்தது. விருதுநகர் அன்று விருதுப்பட்டி. அங்கே 1885இல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியை நாடார் மக்கள் தொடங்கினார்கள். அதை நடத்துவதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று பிடி அரிசி. உலையில் இடுவதற்கு எடுக்கும் அரிசியில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். வீடு வீடாகச் சேர்ந்த அந்த அரிசி காசாகிப் பள்ளிச் செலவுக்குப் போகும். கடைக்காரர் கொடுத்த மகமை ஒரு பக்கம் இருக்க, அடுப்படியில் நின்ற பெண்களும் இப்படிப் பள்ளியை நடத்தினார்கள். பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பெண்களை இன்னும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன் 1903இல் பிறந்த காமராஜ். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தான். தாய் சிவகாமி அம்மாள் நகைகளை விற்றுக் குடும்பத்தை நடத்தியும் போதவில்லை. உயர்நிலை வகுப்பை எட்டும் முன்பே படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பிடி அரிசி பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது. தகப்பன் இல்லாத வீட்டின் அடுப்பு எரிய அதனால் வழி செய்ய முடியவில்லை.

இராஜபாளையத்தில் இன்னொரு சிறுவன். 1898இல் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா, பிறந்த எட்டாம் நாளில் தாயையும், மூன்றாம் வயதில் தந்தையையும் இழந்தார். பாட்டி எடுத்து வளர்த்தார். பின்னாளில், 1949 முதல் 1952 வரை, அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அவரது குடும்பம் வசதியானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்தவரின் படிப்பு நிற்கவில்லை. தந்தையை மட்டும் இழந்த காமராஜரின் படிப்பு நின்றது. இழப்போடு வறுமையும் சேரும்போதுதான் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே தள்ளப்படுகிறது.

பக்கத்திலேயே திருவில்லிபுத்தூர். துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண்குழந்தையைப் பெரியாழ்வார் தம் மகளாக வளர்த்தார் என்று நம் இந்துச் சகோதரர் போற்றும் ஊர் அது. யார் பெற்ற பிள்ளை என்று கேளாமல் வளர்த்த தகப்பனை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை.

1954இல் காமராஜர் முதலமைச்சரானார். பள்ளி நின்ற காரணத்தைத் தம் வாழ்விலேயே அறிந்திருந்தவர் அவர். 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. கல்வித்துறையின் இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் துணைநின்றார். அரசு தன் பங்கைத் தர, ஊர் மக்களும் அரிசியும் காய்கறியும் பணமும் கொடுத்தார்கள். பிடி அரிசி இப்போது பிள்ளையின் தட்டுக்கே வந்து சேர்ந்தது.

ஆனாலும் இதே மாவட்டத்தில் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள், விடியுமுன்பே கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டித் தொழிற்கூடங்களுக்குப் போகும். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சின்ன விரல்களுக்கு உரிய வேலை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஒரு வேளைச் சோறு கிடைத்தாலும் வீட்டுக்கடன் அப்படியே இருந்தது அல்லவா? சிவகாசியை முன்வைத்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தரவேண்டும். இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாயைச் சேர்க்க வேண்டும். அந்தத் தொகையின் வருமானம் பிள்ளை படிக்கும் வரை வீட்டுக்குப் போகும். அடுப்பையும் பள்ளியையும் ஒன்றாகப் பார்த்த தீர்ப்பு இது. செயல்பட்ட வேகம் தீர்ப்பின் வேகத்துக்கு ஈடாகவில்லை என்பது வேறு கதை.

நம் பங்குகளில் தர்மம் செய்ய யாரும் தயங்குவதில்லை. பிறந்தநாள் என்றால் குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு வேளை பிரியாணி. நினைவுநாள் என்றால் துணிமணி. நல்லதுதான். ஆனால் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையே அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். பாரிஸில் 1833இல் இருபது வயது ஓசானாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினரும் ஏழையின் வீட்டுக்கே நேரில் போவதைத்தான் தங்கள் முதல் வேலையாக வைத்துக்கொண்டார்கள். பாட்டி வீட்டில் வளரும் பேத்திக்குப் பேருந்துக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் மாதாமாதம் கொடுத்தால், அந்தப் பிள்ளை பாட்டியோடேயே இருந்து படிக்கும். புகைப்படத்துக்கு அது அவ்வளவு எடுப்பாக இராது.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2021இல் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. உறவினர் வீட்டில் வளர்வோருக்கு மாதம் 3,000 ரூபாய். வைப்புத்தொகை 18 வயது நிறைந்த பின்பே கையில் கிடைக்கும். அன்று ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அது 2033இல். அதுவரை பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையோடு யார் போவது என்பதை அந்தந்தத் தெருவில் இருக்கும் நாம்தான் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.