ஐச்சியிலிருந்து ஐந்தருவிக்கு

குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர்கள் முதலில் தார்ப்பாய் கட்டுகிறார்கள், அடுத்து பல்பு மாட்டுகிறார்கள், மூன்றாவதாக க்யூஆர் அட்டையைத் தொங்கவிடுகிறார்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்த பழக்கடை, நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கும் இடம், எண்ணெய் தேய்த்துவிடுகிறவரின் பலகை என்று எதுவும் இதற்கு விலக்கில்லை. சாரல் படாமல் பாலித்தீன் உறைக்குள் போட்டுவைத்தாலும் நாலு நாளில் ஈரம் ஏறிவிடும். எண்ணெய்க் கை பட்டு ஓரம் மங்கிய அட்டைகூட, போனைக் காட்டியதும் கடைப்பெயரைச் சொல்லிவிடுகிறது. இது தற்செயல் இல்லை. அந்தக் கட்டம் பிறந்ததே எண்ணெயும் அழுக்கும் புழங்கும் இடத்தில்தான்.

ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில், டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனம் கார் உதிரிபாகங்கள் செய்துகொண்டிருந்தது. பாகங்கள் வரும் பெட்டிகளில் பார்கோடு ஒட்டியிருப்பார்கள். ஒரு பார்கோடில் இருபது எழுத்துக்குமேல் அடங்காது. அதனால் ஒரே பெட்டியில் பத்துவரை ஒட்டவேண்டி வந்தது. தொழிலாளி ஒவ்வொன்றாகக் காட்டிக் கை ஓய்ந்துபோனார். இதற்கு வழி பண்ணச் சொல்லி மசாஹிரோ ஹரா என்ற பொறியாளரிடம் வேலையைக் கொடுத்தார்கள். மதிய இடைவேளையில் அவர் ஆடிய ‘கோ’ ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைக் காய்களிலிருந்துதான், கோடுகளுக்குப் பதில் கட்டங்களில் தகவலை அடைக்கும் யோசனை வந்தது.

தகவலை அடைப்பது பெரிய கஷ்டமாக இல்லை. பெட்டி முழுக்க எழுத்தும் படமும் அச்சாகியிருக்க, அதற்கு நடுவே கட்டம் எங்கே இருக்கிறது என்று கருவி எப்படிக் கண்டுபிடிக்கும்? ஹராவின் குழு துண்டுப் பிரசுரம், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அகப்பட்டதை எல்லாம் எடுத்து, கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மாறிவருகின்றன என்று அளந்துபார்த்தது. அச்சில் மிக அரிதாக வரும் விகிதம் 1:1:3:1:1 என்று தெரிந்தது. க்யூஆரின் மூன்று மூலைகளிலும் இருக்கும் சதுரங்களை நடுவாக எந்தத் திசையில் வெட்டிப் பார்த்தாலும் இந்த விகிதம்தான் வரும். அதனால்தான் அட்டை தலைகீழாகத் தொங்கினாலும் போனுக்குக் கவலையில்லை. உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால் 30 சதவீதம்வரை சேதமானாலும் படித்துவிடலாம். 1994இல் இது வெளியே வந்தது. காப்புரிமை கையில் இருந்தும், விதிப்படி பயன்படுத்துகிற யாரிடமும் அதைக் காட்டி டென்சோ காசு கேட்கவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெருந்தன்மைதான் காரணம் என்பேன்.

2011 வாக்கில் சீனாவில் அலிபே இதைப் பணம் வாங்கும் அட்டையாக்கியது. இந்தியாவில் 2016 ஏப்ரல் 11 அன்று, ரிசர்வ் வங்கி ஆளுநராக ரகுராம் ராஜன் இருந்தபோது யுபிஐ அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்கள். 2020 ஜனவரி முதல், யுபிஐயில் வாங்கும் பணத்துக்குக் கடைக்காரர் கட்டணம் தரவேண்டியதில்லை என்றானது. கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கு வாடகை கட்டாத கடைகளும் ஸ்டிக்கர் ஒட்டின. சம்பாத்தியத்தைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் வந்து சேர்ந்தது. “அண்ணாச்சி, ஜிபே இருக்கா?” என்று கேட்டது போய், “ஜிபே பண்ணிட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நடக்கிற காலம் வந்தது. கூடவே சில்லறையும் கல்லாவை விட்டுப் போனது.

சில்லறை போனதில் அடிபடுகிறவர் யார் என்று பார்க்க வடகரைக்கு வரலாம். அடவிநயினார் அணைக்குப் போகும் வழியில், பண்பொழியை அடுத்து இருக்கிற ஊர். இந்த வட்டாரமே கடல் தாண்டிப் பிழைக்கப் போன வட்டாரம். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பலர் ஒரு காலத்தில் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போனார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கியது. அடுத்த தலைமுறைகள் வளைகுடாவுக்குப் போயின. இப்போது ஒரே கல்யாண வீட்டில் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜித்தாவிலிருந்து விடுப்பில் வந்த மருமகன், இன்னொருவர் பினாங்கிலிருந்து மலேசிய பாஸ்போர்ட்டோடு வந்த மாமா.

மருமகனுக்கு ஊரில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு உண்டு. வெளிநாட்டு போன் எண்ணையே யுபிஐயில் சேர்க்கலாம் என்று 2023 ஜனவரியில் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் பத்து நாடுகளுக்கு அனுமதி கொடுத்தது. சவுதி, அமீரகம், கத்தார், ஓமன் எல்லாம் அதில் அடக்கம். மருமகன் சவுதி எண்ணிலேயே பரோட்டாவுக்குப் பணம் கொடுத்துவிடுவார். மாமாவின் போனும் அதே அட்டையைத் தடையில்லாமல் படிக்கும். அட்டைக்குள் ஒரு யுபிஐ முகவரியும் கடைப்பெயரும்தான் இருக்கின்றன, அதை மறைத்துவைக்கவில்லை. ஆனால் பணம் புறப்பட இந்திய வங்கிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் பதிந்த சிம் போனில் இருக்க வேண்டும். யுபிஐ செயலியைத் தொடங்கும்போது அந்த சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போய்த்தான் போனையும் கணக்கையும் முடிச்சுப்போடுகிறது. மாமாவிடம் அந்த முடிச்சுக்கு ஒரு நுனிகூட இல்லை.

“மருமகனே, நீ ஸ்கேன் பண்ணிரு, நான் ரிங்கிட்டா தாரேன்” என்பதுதான் அவருக்கு உள்ள வழி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலேசிய வங்கிச் செயலியை வைத்து அவர் தாய்லாந்திலும், 2023 முதல் சிங்கப்பூரிலும் ஸ்கேன் செய்து பணம் கொடுக்க முடியும். பாட்டன் பிறந்த ஊரில்தான் முடியவில்லை. 2023 பிப்ரவரியில் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைந்ததே என்று கேட்கலாம். அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்கு, கடையில் நீட்டுவதற்கு அல்ல. 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையில் யுபிஐ தொடங்கியதும் இந்தியப் பயணிகள் அங்கே போய் ஸ்கேன் செய்வதற்குத்தான். நம் கட்டம் வெளியே போகும்போது காட்டுகிற தாராளம், உள்ளே வருகிறவரிடம் இல்லை.

கதவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 பிப்ரவரியில், ஜி20 கூட்டங்களை ஒட்டி, இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவருக்கு ரூபாய் வாலட் கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வங்கிக் கணக்கு தேவையில்லை. பாஸ்போர்ட்டையும் விசாவையும் நேரில் காட்டி, வெளிநாட்டுப் பணத்தையோ கார்டையோ கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம். மிச்சத்தை ஊர் திரும்பும்போது மாற்றிக்கொள்ளலாம். பெங்களூரு, மும்பை, டெல்லி விமான நிலையங்களில், ஜி20 நாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. ‘யுபிஐ ஒன் வேர்ல்ட்’ என்ற பெயரில், 2024 ஜூலையில் டெல்லியில் உலக பாரம்பரியக் குழு கூடிய சமயத்தில், எல்லா நாட்டவருக்கும் விரிந்தது. கடைக்காரர் எதையும் மாற்ற வேண்டாம், அதே அட்டை போதும்.

போதுமா என்றால், குற்றாலத்தில் பாதிதான். இந்த வாலட் வணிகர்களுக்கு மட்டுமே பணம் தரும், தனிநபருக்குத் தராது. எண்ணெய் தேய்க்கிறவரும் நுங்கு விற்கிறவரும் பல நேரம் தங்கள் சொந்தக் கணக்கின் க்யூஆரையே அச்சடித்து மாட்டியிருப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு வித்தியாசமே தெரியாது. வாலட்டோடு வருகிறவருக்கு அங்கே பணம் போகாது. இந்த இடறல் எந்த அறிவிப்பிலும் பெரிய எழுத்தில் வரவில்லை.

சீனாவும் இதே முட்டுச்சந்தில் நின்றது. 2023 ஜூலையில் அலிபேயும் வீசாட்டும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டுகளை நேராகத் தங்கள் செயலியில் சேர்க்க வழி செய்தன. அத்தனை தூரம் போகாவிட்டாலும் நமக்குக் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அதே சுற்றறிக்கை, அந்நியச் செலாவணி உரிமம் பெற்ற நிறுவனங்களோடு கூட்டு வைத்தும் வாலட் வழங்கலாம் என்கிறது. பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து ரிங்கிட்டும் ரியாலும் மாற்றுவது நாணயமாற்றுக் கடைகளின் அன்றாட வேலை. அந்தக் கவுன்டரில் வாலட்டும் கிடைத்தால், மும்பைக்கும் டெல்லிக்கும் போகாமல் மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்குகிறவருக்கு வழி பிறக்கும். குற்றாலத்துக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, பணம் பெறும் கருவிகளையே சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. தொழில்நுட்பம் தூரத்தில் இருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

2019இல் மாவட்டம் பிறந்ததிலிருந்து குற்றாலம்தான் தென்காசியின் முகவரி. மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் அடுத்த சீசனுக்கு முன் ஒரு கூட்டம் போட்டு வங்கிகளையும் நாணயமாற்றுக்காரர்களையும் உட்காரவைக்கட்டும். கடைக்காரர்கள் தங்கள் அட்டை வணிகக் கணக்கினுடையதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பினாங்கிலிருந்து மாமா வருகிறார் என்றால், நீங்கள் முன்கூட்டியே வங்கிக்குப் போய் ஐம்பதும் நூறுமாகக் கொஞ்சம் நோட்டு மாற்றிவையுங்கள்.