சாப் கட்டர் கத்தி மழுங்காமல் இருக்க: தானே கூர் தீட்டும் இணைப்பு எவ்வளவு உதவும்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் பல குடும்பங்களின் அன்றாடச் செலவுக்குக் கை கொடுப்பது பால் காசு. செங்கம், போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டு பகுதிகளில் கறவை மாடு வைத்திருக்கும் விவசாயிகள் பலர் கம்பு நேப்பியர் புல்லும் தீவனச் சோளமும் பயிரிட்டு, மோட்டாரில் ஓடும் சாப் கட்டரில் நறுக்கிப் போடுகிறார்கள். இயந்திரம் வாங்கும்போது மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்கிறோம். கத்தியைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் சாப் கட்டரில் வேலை செய்வது கத்திதான். மோட்டார் அதைச் சுற்ற மட்டுமே செய்கிறது.

தானே கூர் தீட்டும் இணைப்புகள் இப்போது தனியாகவும் இயந்திரத்தோடு சேர்த்தும் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பயன்படுத்துவது, இணைப்பு இல்லாதவர்கள் கத்தியை எப்படிப் பராமரிப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

மழுங்கிய கத்தியால் என்ன நட்டம்?

கூரான கத்தி தண்டைச் சீராக வெட்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கி, நார் நாராகக் கிழிக்கும். இதனால் துண்டுகள் ஒரே அளவில் விழாது. நீளமான துண்டுகளை மாடு ஒதுக்கிவிடும். காடியில் மீதி கூடும். ஊறுகாய்ப் புல் போடுபவர்களுக்கு நட்டம் இன்னும் அதிகம். 2 முதல் 3 செ.மீ. அளவில் சீராக நறுக்கினால்தான் குழியிலோ பையிலோ காற்று இல்லாமல் மிதித்து அடைக்க முடியும். காற்று தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

மழுங்கிய கத்தியைச் சுற்ற மோட்டாருக்கு அதிக இழுவை தேவைப்படும். மின் செலவு ஏறும், பெல்ட் வழுக்கும், மோட்டார் சூடாகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய நட்டம் விரல். கத்தி வெட்டாதபோது புல் ரோலர் முன்னால் தேங்கி நிற்கும். உடனே கையால் தள்ளத் தோன்றும். தள்ளிய புல்லை ரோலர் திடீரென்று கவ்வும்போது கையும் சேர்ந்து உள்ளே போகும். கூர்க் கத்திதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். சாப் கட்டரைப் பொறுத்தவரை கையைத் தள்ள வைக்கும் மொக்கைக் கத்திதான் கூடுதல் ஆபத்து.

கத்தி ஏன் சீக்கிரம் மழுங்குகிறது?

முதல் காரணம் மண். நம் மாவட்டத்தில் மல்லாட்டைக் கொடியைப் பிடுங்கி அப்படியே தீவனமாகப் போடும் வழக்கம் உண்டு. வேரோடு வரும் செம்மண்ணும் பொடிக்கல்லும் கத்தியின் விளிம்பை ஒரே நாளில் கெடுத்துவிடும். கொடியை நன்றாக உதறி, வேர்ப் பகுதியை அரிந்து நீக்கிய பிறகே இயந்திரத்தில் விடுங்கள். புல்லை அறுத்ததும் வெறுந்தரையில் போடாமல் தார்ப்பாய் மீது போடுங்கள்.

இரண்டாவது, வைக்கோல். நெல் வைக்கோலில் சிலிக்கா என்னும் மணல் சத்து அதிகம். பச்சைப் புல்லைவிட வைக்கோல் கத்தியை வேகமாகத் தேய்க்கும். வைக்கோல் அதிகம் நறுக்குபவர்கள் கத்தியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முற்றிய தண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ரகங்களை நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுவடையும், பிறகு 45 நாளுக்கு ஒரு முறையும் செய்ய வேண்டும். நாள் தள்ளிப்போனால் தண்டு கட்டையாகும். தீவனத்தின் சத்தும் குறையும், கத்தியும் தேயும்.

நான்காவது, துரு. கார்த்திகை தீபத்துக்கு முன்னும் பின்னும் வரும் மழை நாட்களில் புல்லின் சாறு கத்தியில் ஒட்டிக் காய்ந்தால், மெல்லிய விளிம்பைத்தான் துரு முதலில் தின்னும்.

தானே கூர் தீட்டுவது எப்படி?

எலியின் முன்பல்லைப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் கெட்டியான எனாமல் பூச்சு இருக்கும். பின்பக்கம் அதைவிட மென்மை. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் முதலில் தேய்வதால் முன்விளிம்பு எப்போதும் உளி போல் கூராகவே இருக்கிறது. தானே கூராகும் கத்திகளும் இதே முறையில்தான் செய்யப்படுகின்றன. கத்தியின் ஒரு பக்கத்தில் டங்ஸ்டன் கார்பைடு போன்ற மிகக் கெட்டியான பூச்சு இருக்கும். மறுபக்கத்து எஃகு வேகமாகத் தேயும்போது பூச்சுள்ள விளிம்பு கூராக நிற்கும்.

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. பூச்சுக் கத்தி. விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். இதைச் சாணை பிடிக்கும்போது பூச்சு உள்ள பக்கத்தைத் தொடவே கூடாது. அந்தப் பக்கம் தீட்டினால் பூச்சு போய், சாதாரணக் கத்தியாகிவிடும்.

2. இயந்திரத்திலேயே பொருத்திய சாணைக்கல். பெரிய தீவன அறுவடை இயந்திரங்களில் இது உண்டு. மூடியைத் திறக்காமலேயே, சுழலும் கத்தி உருளையின் மேல் ஒரு கல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்ந்து எல்லாக் கத்திகளையும் ஒரே அளவில் தீட்டும். இதையே சிறிதாக்கி, நெம்புகோலோடு சில சிறு இயந்திரங்களிலும் வைக்கிறார்கள்.

3. கோணம் காட்டும் பிடிப்பான். கழற்றிய கத்தியை இதில் வைத்து முடுக்கினால் சரிவு மாறாமல் கிரைண்டரில் தீட்டலாம். இது தானே தீட்டாது. கை ஆடாமல் காக்கும். சிறு விவசாயிக்கு இதுவே செலவு குறைந்த, பாதுகாப்பான வழி.

இணைப்பு செய்யாத வேலை

எந்த இணைப்பும் விளிம்பை மட்டுமே தீட்டும். வெட்டு சரியாக விழக் கூர் மட்டும் போதாது. கத்தி எந்த இரும்புத் தகட்டை ஒட்டிச் சுழல்கிறதோ அந்த அடித்தகட்டுக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளியும் சரியாக இருக்க வேண்டும். கத்தரிக்கோலின் திருகு தளர்ந்தால் எவ்வளவு கூர் இருந்தாலும் துணி மடங்குமே தவிர வெட்டுப்படாது. சாப் கட்டரும் அப்படித்தான்.

கத்தியைத் தீட்டத் தீட்ட அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், இடைவெளி கூடும். உருளை வகை இயந்திரத்தில் அடித்தகட்டை உள்ளே நகர்த்த வேண்டும். சக்கர வகையில் கத்தியின் பின்னால் உள்ள திருகுகளைத் திருப்பிக் கத்தியை முன்னே கொண்டுவர வேண்டும். "இணைப்பு வாங்கியும் நறுக்கவில்லை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. சக்கரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு, ஓடும் கத்தியின் மேல் கல்லையோ அரத்தையோ கையில் பிடித்துத் தீட்டுவது, பட்டறையில் ஒரு சட்டத்தை வெல்டிங் செய்து அதில் கல்லைக் கட்டுவது ஆகிய இரண்டுமே உயிருக்கு ஆபத்து. கல் உடைந்து தெறித்தால் எதிரே நிற்பவர் தப்ப முடியாது. தயாரிப்பாளரே பொருத்திய, மூடியோடு கூடிய இணைப்பை மட்டும் பயன்படுத்துங்கள்.

எப்போது தீட்ட வேண்டும்?

நாள் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. கீழ்க்கண்ட அறிகுறிகளில் இரண்டு தெரிந்தாலே தீட்டும் நேரம் வந்துவிட்டது.

• துண்டுகளின் முனை நசுங்கி, சாறு கசிந்திருக்கும்.
• நீளமான நார்கள் ரோலரில் சுற்றிக்கொள்ளும்.
• மோட்டார் சத்தம் கனமாகும்; சக்கரத்தின் வேகம் இறங்கும்.
• புல்லைத் தள்ளிவிட வேண்டியிருக்கும்.
• நிறுத்திய இயந்திரத்தில் கத்தி விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளைக் கோடு மின்னும். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது.

தீட்டிய தேதியை மாட்டுக் கொட்டகைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று முறை குறித்தாலே உங்கள் தீவனத்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

கழற்றித் தீட்டும் முறை

1. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், மும்முனை மின்சாரமானால் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் கனமானது என்பதால் மின்சாரம் நின்ற பிறகும் சிறிது நேரம் சுற்றும். முழுவதும் நின்ற பிறகு பெல்ட்டைக் கழற்றி, சக்கரம் திரும்பாதபடி மரக்கட்டை ஒன்றைச் செருகுங்கள்.

2. தோல் கையுறை போட்டுக் கத்திகளைக் கழற்றுங்கள். எந்தக் கத்தி எந்த இடத்தில் இருந்தது என்று பெயின்டால் 1, 2 எனக் குறியுங்கள். மண்ணெண்ணெயில் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட கத்தியைத் தீட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

3. சாதாரணக் கத்தியில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். புதிதில் இருந்த சரிவை மாற்ற வேண்டாம். சரிவைக் கூர்மையாக்கினால் முதல் நாள் நன்றாக வெட்டும்; விளிம்பு மெலிந்திருப்பதால் சீக்கிரம் உடையும்.

4. கிரைண்டரில் அழுத்திப் பிடிக்காமல், மெல்ல நகர்த்தி, அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீல நிறமாகும். விளிம்பு நீலமானால் அந்த இடத்தின் கெட்டித்தன்மை போய்விட்டது. இனி அங்கே கூர் நிற்காது. பட்டறையில் கொடுத்துத் தீட்டினாலும் திரும்ப வாங்கும்போது நீல நிறம் உள்ளதா என்று பாருங்கள்.

5. வெட்டும் வட்டின் பக்கவாட்டில் வைத்துத் தீட்டக் கூடாது, வட்டு உடையும். தீட்டுவதற்கென உள்ள தடித்த சாணை வட்டையே பயன்படுத்துங்கள். கண்ணாடி அவசியம். துண்டு, சேலைத் தலைப்பு, தொங்கும் சங்கிலி எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

6. தீட்டியதும் தட்டைப் பக்கத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். எண்ணெய்க் கல்லைத் தட்டையாக வைத்து இரண்டு முறை இழுத்தால் போய்விடும்.

7. எல்லாக் கத்திகளையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை ஒன்றாக இல்லாவிட்டால் சக்கரம் அதிரும். பேரிங் போகும், போல்ட் தளரும். கனமான கத்தியின் முதுகுப் பக்கத்தைச் சிறிது தேய்த்துச் சமன் செய்யலாம். ஒரு கத்தியை மட்டும் புதிதாக மாற்றாமல் முழு செட்டாக மாற்றுவதே நல்லது.

8. திரும்பப் பொருத்தும்போது பழைய, மரை தேய்ந்த போல்ட்டைப் போட வேண்டாம். சுழலும் சக்கரத்திலிருந்து கழலும் கத்தி துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். இடைவெளியை இயந்திரக் கையேட்டில் சொன்ன அளவில் வையுங்கள். கத்தியின் இரு ஓரங்களிலும் நடுவிலும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். எந்த இடத்திலும் கத்தி தகட்டில் இடிக்கக் கூடாது.

9. மின்சாரம் கொடுக்கும் முன் நீளமான செய்தித்தாள் பட்டையை உள்ளே விட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். தாளை விடுவதும் சக்கரத்தைத் திருப்புவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். தாள் கிழியாமல் வெட்டுப்பட்டால் கூரும் சரி, இடைவெளியும் சரி. பிறகு மூடியை மாட்டி இயக்குங்கள்.

வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்துச் சில சொட்டுச் சமையல் எண்ணெய் தடவினால் துரு ஏறாது. தீவனத்தில் பட்டாலும் கெடுதல் இல்லை.

பிரஷ் கட்டர், புல்வெட்டி வைத்திருப்பவர்களுக்கு

வரப்பு வெட்டும் பிரஷ் கட்டருக்கும், தோட்டத்தில் புல்தரை வெட்டும் இயந்திரத்துக்கும் மேலே சொன்ன சாணை முறைதான். கழற்றும் முன் பெட்ரோல் இன்ஜினின் ஸ்பார்க் பிளக் வயரை நீக்குங்கள். தீட்டிய கத்தியின் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்த முனை தாழ்கிறதோ அந்த முனையை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். இரண்டும் சமமாக நின்றால்தான் கை மரத்துப்போகாது, இன்ஜினும் அதிராது.

விரல் காக்க

கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சாதாரண சுவிட்ச் உள்ள இயந்திரம், மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடத் தொடங்கும். அடைத்துக்கொண்ட புல்லை எடுக்கக் கை விட்டிருக்கும் நேரத்தில் இப்படி நடந்தால் தப்பிக்க வழி இல்லை. மின்சாரம் போனால் தானே விடுபடும் ஸ்டார்ட்டர் பொருத்துவது நல்லது. அடைப்பு ஏற்பட்டால் ரிவர்ஸ் லிவரைப் போட்டுப் புல்லை வெளியே எடுங்கள். கடைசிக் கைப்பிடிப் புல்லைக் கையால் தள்ளாமல் அடுத்த கட்டை வைத்துத் தள்ளுங்கள், அல்லது கட்டையைப் பயன்படுத்துங்கள். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

மீறி விபத்து நடந்தால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-ஐ அழையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கூடவே கொண்டுசெல்லுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.

வாங்கும் முன்

புதிய சாப் கட்டர் வாங்குபவர்கள் கடையில் நான்கு கேள்விகள் கேளுங்கள்: மாற்றுக் கத்தி திருவண்ணாமலையிலேயே கிடைக்குமா? இடைவெளியைச் சரிசெய்யும் திருகு எங்கே இருக்கிறது? கூர் தீட்டும் இணைப்பு மூடிக்கு உள்ளே வேலை செய்யுமா? ரிவர்ஸ் லிவர் இருக்கிறதா? ஒரு செட் கத்தியைக் கூடுதலாக வாங்கி வைத்தால், ஒன்று பட்டறைக்குப் போனாலும் மாட்டுக்குத் தீவனம் தடைப்படாது.

மானியத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அருகில் உள்ள கால்நடை மருந்தகத்திலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ விசாரித்த பிறகு வாங்குங்கள். இடைவெளி வைப்பதில் சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். வரும்போது கழற்றிய கத்தியையும், நறுக்கிய தீவனத்தில் ஒரு கைப்பிடியையும் கொண்டுவாருங்கள். குறை கூரிலா, இடைவெளியிலா என்பதை அந்தத் துண்டுகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.