பசி: மூளை, ஹார்மோன், மதுரையின் இரவு

உண்ணத் தூண்டுவதும் போதும் என்று நிறுத்துவதும் பெரும்பாலும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் வேலை. இரைப்பை, குடல், கணையம், கொழுப்புத் திசு ஆகியவற்றில் சுரக்கும் ஹார்மோன்களும், வேகஸ் நரம்பு வழியே மூளைத்தண்டுக்கு ஏறும் செய்திகளும் அங்கே வந்து சேர்கின்றன.

இந்த ஆய்வில் நம்மவர்கள் அதிகம் பேசாத பெயர் பி. கே. ஆனந்த். 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவரும் ஜான் புரோபெக்கும் எலிகளின் ஹைப்போதலாமஸில் இருபக்கமும் ஒரு சிறு பகுதியைச் சிதைத்தனர். தீனி முன்னே கிடந்தும் அந்த எலிகள் தொடாமல் பட்டினியால் செத்தன. அந்தப் பகுதிக்குப் பசி மையம் என்று பெயர் வந்தது. பின்னர் தில்லி எய்ம்ஸில், ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது இம்மையங்களின் மின்னியக்கம் மாறுவதை ஆனந்த் குழு பதிவுசெய்தது. இன்று ஒற்றை மையம் என்று யாரும் சொல்வதில்லை. எதிரெதிராக இயங்கும் இரு நரம்பணுக் கூட்டங்கள், ஒன்று பசியைக் கிளப்ப, மற்றது அடக்க, அவற்றோடு பல பகுதிகள் சேர்ந்து முடிவெடுக்கின்றன.

கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டினை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்தது. சேமிப்பு எவ்வளவு என்பதை அது மூளைக்குச் சொல்கிறது. உடல் பருத்தவர்களிடம் லெப்டின் குறைவதில்லை, மிகுதியாகவே இருக்கும். மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. கிரெலின் இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும். ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் அதை 1999இல் அறிவித்தார்கள். சாப்பிட்ட பின் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 போன்றவை பசியை அடக்குகின்றன. 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்த உடல் எடை குறைக்கும் மௌஞ்சாரோ ஊசி இந்த வழியைப் பயன்படுத்துவதே.

கிரெலினுக்கு ஒரு வினோத குணம் உண்டு. வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் அது ஏறும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டவர் மூன்று மணிக்குப் பசி செத்துப்போச்சு என்பது இதனால்தான். ஆக, பசியில் வெறும் வயிற்றுக்கு உள்ள பங்கு நேரத்துக்கும் உண்டு.

இந்த நேர அறிவியலில் மதுரைக்குத் தனி இடம். நாகமலைப் பக்கம் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்ததோடு, மனிதர்கள் தங்குவதற்கான தனிமை அறையையும் அமைத்தார். பகல் வெளிச்சமோ கடிகாரமோ அங்கே எட்டாது. அவர் குழு 1991இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி தூக்க-விழிப்புச் சுழற்சியோடு பிணைந்திருக்கவில்லை என்று காட்டியது. உடலின் எல்லாத் தாளங்களும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுவதில்லை. ஆனால் உணவு வேளைகள் விழிப்போடு ஒட்டியவை: ஜெர்மனியின் இதுபோன்ற அறைகளில் யூர்கன் ஆஷோஃப் குழு 1986இல் கண்டபடி, விழித்திருக்கும் நேரம் நீண்டவர்கள் வேளைகளைக் கூட்டவில்லை, வேளைகளுக்கு இடையிலான இடைவெளியே நீண்டது.

தூங்கா நகரமான மதுரைக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. மாட்டுத்தாவணியில் இரவெல்லாம் விழித்து மூட்டை இறக்குபவருக்கு நள்ளிரவில் பசிப்பது இயல்பு. உடற்கடிகாரம் தரும் பசி இரவு 8 மணி வாக்கில் உச்சத்திலும் காலை 8 மணி வாக்கில் அடியிலும் இருப்பதாக ஓர் ஆய்வு காட்டியது. தூக்கமும் குறைந்தால் நிலை மோசமாகும்: 2004இல் சிகாகோவில், இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்கிய 12 இளைஞர்களிடம் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. இரவில் சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைவதால், மைதா பரோட்டாவும் சால்னாவும் நள்ளிரவில் பகலைவிடக் கூடுதல் சுமைதான். கறிதோசை போதும் என்றவர் ஜிகர்தண்டாவுக்கு மட்டும் கை நீட்டுவதும் பேராசையன்று. ஒரு சுவையில் நிறைவு வந்தபின்னும் வேறு சுவைக்கான விருப்பம் மங்காமல் இருக்கும்.

காலையில் பசிக்கவில்லை என்று குழந்தை சொல்வதற்கும் இதே தாளம் ஒரு காரணமாகலாம். ஆனால் அதைக் கேட்டு உணவைத் தள்ளிவிடக் கூடாது. கல்லீரலில் இருந்த சர்க்கரைச் சேமிப்பு இரவு முழுதும் கரைந்து குறைந்திருக்கும். அந்த உணவைப் பள்ளியிலேயே தருவதற்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை சிம்மக்கல்லில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது.